மருத்துவமனையில் குப்புற, வீட்டில் மல்லாக்க: ஒரு குறைமாதக் குழந்தையின் உறக்கம் குறித்த நிகழ்வு ஆய்வு

குறைமாதத்தில் பிறந்த ஒரு பெண்குழந்தை மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய பிறகு எப்படித் தூங்க வைக்கப்பட்டாள், அதை மாற்ற என்ன செய்யப்பட்டது என்பதை இந்த ஆய்வு பதிவுசெய்கிறது. குழந்தைக்குத் தீங்கு எதுவும் நேரவில்லை. தீங்கு நேர்ந்த பிறகு எழுதப்படும் அறிக்கைகளில் பெற்றோரின் விளக்கம் துயரத்துக்குள் அடங்கிப் போய்விடுகிறது. ஒரு குடும்பம் ஏன் அப்படிச் செய்தது என்பதை அவர்களே நிதானமாகச் சொல்லிக் கேட்கும் வாய்ப்பு தீங்கு நேராத நிகழ்வுகளில்தான் கிடைக்கிறது. குறைமாதக் குழந்தைகள் வீடு திரும்பிய பின் அவர்களை வீட்டுக்கே சென்று பார்க்கும் செவிலியர் என்ற முறையில், பெற்றோரின் ஒப்புதலுடன், அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கி இதை எழுதுகிறேன்.

பின்னணி

தாயின் இரத்த அழுத்தம் கட்டுக்கடங்காமல் உயர்ந்ததால், 29 வாரங்கள் நிறைவடைந்த நிலையில் அறுவை சிகிச்சை மூலம் குழந்தை பிறந்தாள். பிறந்தபோது எடை 1,200 கிராமுக்குச் சற்றுக் குறைவு. பெற்றோருக்கு இவளே முதல் குழந்தை. தாயின் அம்மா உதவிக்கு வந்து உடன் தங்கியிருந்தார். தாய்க்குப் புகைப் பழக்கம் இல்லை. தந்தை புகைபிடிப்பவர், ஆனால் வீட்டுக்குள் ஒருபோதும் பிடிப்பதில்லை என்று இருவரும் கூறினர்.

திடீர் சிசு மரணம் என்ற சொல்லை மருத்துவ உலகம் 1969இல் வரையறுத்தது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை தூக்கத்தில் திடீரென இறந்து, பிரேதப் பரிசோதனை, மரணம் நிகழ்ந்த இடத்தின் ஆய்வு, மருத்துவ வரலாறு ஆகிய மூன்றும் முழுமையாகப் பார்க்கப்பட்ட பிறகும் காரணம் தெரியவில்லை என்றால் மட்டுமே அப்பெயர் இடப்படுகிறது. இத்தகைய மரணங்கள் பிறந்த முதல் மாதத்துக்கும் நான்காம் மாதத்துக்கும் இடையே உச்சத்தை அடைகின்றன. ஏறத்தாழ பத்தில் ஒன்பது ஆறு மாதங்களுக்குள் நிகழ்ந்துவிடுகின்றன. 1994இல் முன்வைக்கப்பட்ட மும்மடி ஆபத்து மாதிரி இதை விளக்க இன்றும் பயன்படுகிறது: தூக்கத்தில் மூச்சு தடைபடும்போது விழித்துக்கொள்ளும் திறன் உள்ளுக்குள் குறைவாக உள்ள குழந்தை, வளர்ச்சியின் நெருக்கடியான காலத்தில், வெளியிலிருந்து வரும் ஒரு நெருக்கடிக்கு உள்ளாகும்போது மரணம் நேர்கிறது. முதல் இரண்டையும் நம்மால் மாற்ற முடியாது. யாரிடம் அந்தக் குறை இருக்கிறது என்று முன்கூட்டியே கண்டுபிடிக்கவும் வழியில்லை. மூன்றாவதான வெளி நெருக்கடி, அதாவது குழந்தை படுக்கும் நிலை, படுக்கும் இடம், முகத்தருகே உள்ள துணி, அதிகப்படியான வெப்பம், புகை ஆகியவை மட்டுமே நம் கையில் உள்ளன. இந்தக் குழந்தையைப் பொறுத்தவரை குறைமாதம், குறைந்த எடை, வீட்டில் புகைபிடிக்கும் ஒருவர் என மூன்று காரணங்கள் முன்பே சேர்ந்திருந்தன. ஆகவே மற்ற குடும்பங்களுக்குக் கொடுக்கக்கூடிய சலுகை எதையும் இந்தக் குடும்பத்துக்குக் கொடுக்க இயலாது என்ற எண்ணத்துடனேயே முதல் சந்திப்புக்குச் சென்றேன்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் கழிந்த வாரங்கள்

குழந்தை எட்டு வாரங்கள் பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தாள். முதல் வாரங்களில் மூக்கு வழியாக அழுத்தக் காற்று செலுத்தப்பட்டது. அவ்வப்போது மூச்சு நின்றுபோனதால் காஃபீன் மருந்தும் கொடுக்கப்பட்டது. அந்த நாட்களில் பெரும்பாலான நேரம் அவள் குப்புறவே படுக்க வைக்கப்பட்டிருந்தாள். அதில் தவறு எதுவும் இல்லை. இவ்வளவு முன்கூட்டிப் பிறந்த குழந்தையின் மார்புக்கூடு மிகவும் இளகியது. குப்புறப் படுக்கும்போது அதற்கு ஒரு தாங்குதல் கிடைத்து, இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு மேம்படுகிறது. அப்போது குழந்தையின் உடலில் கண்காணிப்புக் கருவி இணைக்கப்பட்டிருக்கும். ஒலி எழுந்தால் சில நொடிகளில் வந்து நிற்கப் பயிற்சி பெற்ற ஒருவர் எப்போதும் அருகில் இருப்பார்.

சிக்கல் தொடங்கியது அதன் பிறகு. நிலைபெற்ற குறைமாதக் குழந்தைகளை, பிறந்த பிறகும் தொடர்ந்து எண்ணப்படும் கருக்கால வயது 32 வாரங்களை எட்டியதிலிருந்தே மல்லாக்கப் படுக்கப் பழக்கத் தொடங்க வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் வழிகாட்டல் கூறுகிறது. வீட்டுக்குச் செல்வதற்கு வெகு முன்பே குழந்தையும் பெற்றோரும் அந்த நிலைக்குப் பழகிவிட வேண்டும் என்பதே அதன் நோக்கம். அந்தப் பிரிவில் பணியாற்றியவர்களுக்கு இது தெரியாததல்ல. ஆனால் இந்தக் குழந்தை குப்புறப் படுத்தால் அமைதியாகத் தூங்கினாள், மல்லாக்கப் படுக்க வைத்தால் கைகளை உதறி விழித்துக்கொண்டாள். எடை கூட வேண்டிய குழந்தையின் தூக்கத்தைக் கலைக்க யாருக்கும் மனம் வரவில்லை. பகல் பணியில் இருந்தவர்கள் மல்லாக்க மாற்றினால், இரவுப் பணியில் இருந்தவர்கள் அவள் சிணுங்கியதும் மீண்டும் குப்புறத் திருப்பினர். சுருட்டிய துணிகளை வளையமாக வைத்து அவளைச் சுற்றிக் கூடுபோல அமைத்திருந்ததும், தலையில் தொப்பி அணிவித்திருந்ததும் கடைசி வாரம்வரை தொடர்ந்தன.

கருக்கால வயதின் 37ஆம் வாரத்தில் அவள் வீடு திரும்பினாள். அன்று கொடுக்கப்பட்ட அறிவுரைத் தாளில், மருந்து அட்டவணைக்கும் தடுப்பூசித் தேதிகளுக்கும் இடையில், குழந்தையை மல்லாக்கப் படுக்க வைக்கவும் என்று ஒரு வரி இருந்தது. தாய் அதைப் படித்திருந்தார்.

வீட்டில் கண்டவை

வீடு திரும்பிய நான்காம் நாள் முற்பகலில் முதல் சந்திப்பு நடந்தது. குழந்தை பெற்றோரின் கட்டிலில், அமுங்கும் தன்மையுள்ள தடித்த மெத்தையின் மேல் குப்புறத் தூங்கிக்கொண்டிருந்தாள். உருண்டு விழாமல் இருக்க இருபுறமும் பெரியவர்களின் தலையணைகள் இருந்தன. அவற்றுக்குள்ளே சுருட்டிய துணி வளையம், தலையில் கம்பளித் தொப்பி, தோள்வரை இழுத்துவிடப்பட்ட போர்வை. பாதத்தில், ஆக்சிஜன் அளவையும் இதயத் துடிப்பையும் காட்டுவதாக விற்கப்படும் ஒரு கருவி பொருத்தப்பட்டிருந்தது. படுக்கையறையில் புதிய தொட்டில் ஒன்றும் இருந்தது. அதன் உட்பக்கங்களில் மென்மையான தடுப்புத் திண்டுகள் கட்டப்பட்டு, தலைமாட்டில் சரிவுத் தலையணை ஒன்று வைக்கப்பட்டிருந்தது. குழந்தை அதில் அழுகிறாள் என்பதால் அது மடித்த துணிகளை வைக்கும் இடமாகியிருந்தது.

இரவுகளைப் பற்றிக் கேட்டபோதுதான் இவை அனைத்தையும்விடக் கவலைக்குரிய செய்தி வெளிவந்தது. அதிகாலை மூன்று மணிக்குப் பால் கொடுத்த பிறகு தாய் சற்றுத் தூங்கட்டும் என்று, தந்தை குழந்தையை மார்பின் மேல் போட்டுக்கொண்டு வரவேற்பறைச் சோபாவில் சாய்ந்திருப்பார். விழித்திருக்க வேண்டும் என்றுதான் நினைப்பார். ஆனால் நான்கு இரவுகளில் மூன்றில் அவரும் தூங்கிவிட்டார்.

இந்தக் குடும்பம் அக்கறையற்ற குடும்பம் அல்ல. அவர்கள் செய்த ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. மருத்துவமனையிலிருந்து வந்த முதல் நாள் இரவு தாய் அறிவுரைத் தாளின்படி குழந்தையை மல்லாக்கவே படுக்க வைத்திருக்கிறார். சிறிது நேரத்தில் குழந்தை பாலை எதுக்களித்து, முகம் சிவந்து, இருமித் திணறியிருக்கிறாள். பாட்டி உடனே தூக்கிக் குப்புறப் போட்டதும் அமைதியாகிவிட்டாள். அதற்குப் பிறகு மல்லாக்கப் படுக்க வைக்கும் துணிவு யாருக்கும் வரவில்லை. “சிஸ்டர், அங்கே ரெண்டு மாசமா குப்புறத்தானே படுத்திருந்தா? எங்களைவிட அவங்களுக்குத் தெரியாதா?” என்று தாய் கேட்டார். இந்த ஆய்வை எழுதத் தூண்டியது அந்தக் கேள்விதான். தாளில் இருந்த ஒரு வரிக்கும் எட்டு வாரங்கள் கண்ணால் கண்ட வழக்கத்துக்கும் இடையே முரண்பாடு வந்தபோது, அவர் கண்ணால் கண்டதை நம்பினார். துணி வளையம், தொப்பி, பாதத்தில் கருவி, குப்புறப் படுக்கை என்று தீவிர சிகிச்சைப் பிரிவைத்தான் அவர் தன் வீட்டில் மீண்டும் உருவாக்க முயன்றிருந்தார். அந்தப் பிரிவின் பணியாளர்கள் மட்டும் அங்கே இல்லை.

அன்று எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

மாற்ற வேண்டியவை பல இருந்தன. அனைத்தையும் ஒரே மூச்சில் சொன்னால், தூக்கமின்றிக் களைத்துப்போயிருந்த பெற்றோர் எதையும் பிடித்துக்கொள்ள மாட்டார்கள் என்று கருதினேன். ஆகவே ஆபத்தின் அளவைக் கொண்டு வரிசை அமைத்து, முதல் நாள் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்: சோபா, படுக்கும் நிலை, தொட்டில்.

சோபாவை முதலில் எடுத்ததற்குக் காரணம், குழந்தையுடன் பெரியவர் தூங்கிவிடக்கூடிய இடங்களிலேயே சோபாவும் கைவைத்த நாற்காலியும் மிகவும் ஆபத்தானவை என்பதே. தூங்கியவரின் பிடி தளரும்போது குழந்தை அவருடைய உடலுக்கும் சாய்வுத் திண்டுக்கும் இடையே சரிந்து மூச்சு அடைபட நேரும். குறைமாதத்தில், குறைந்த எடையுடன் பிறந்து, புகைபிடிப்பவர் ஒருவருடன் படுக்கும் குழந்தைக்கு இந்த ஆபத்து பன்மடங்கு கூடுகிறது. தந்தையிடம் “இனித் தூங்காதீர்கள்” என்று சொல்வதில் பயன் இல்லை. தூங்க வேண்டும் என்று அவர் முடிவெடுக்கவே இல்லை. எனவே இரவையே மாற்றி அமைக்க மூவரும் உட்கார்ந்து பேசினோம். மாலை முதல் நள்ளிரவு கடந்து ஒரு மணிவரை பாட்டியும் தந்தையும் பார்த்துக்கொள்ள, தாய் அந்நேரத்தில் தொடர்ந்து தூங்குவார்; இடையில் வரும் ஒரு வேளைக்குக் கறந்து வைத்த தாய்ப்பாலைத் தந்தை கொடுப்பார். ஒரு மணிக்குப் பிறகு தாயின் முறை. அதிகாலையில் சோபாவுக்குச் செல்வதே இல்லை. தாய் பால் கொடுக்கும்போது கண்ணயர்ந்துவிடும் வாய்ப்பு உண்டு என்பதால், அதையும் மறைக்காமல் பேசினோம்: தூக்கம் வரும் என்று தோன்றினால், தலையணையும் போர்வையும் அகற்றிய கட்டிலில் அமர்ந்து பால் கொடுப்பது சோபாவில் அமர்ந்து கொடுப்பதைவிட ஆபத்துக் குறைவு, கண்விழித்தவுடன் குழந்தையைத் தொட்டிலுக்கு மாற்றிவிட வேண்டும். அந்தக் கட்டிலில் குழந்தை இருக்கும் நேரத்தில் தந்தை படுக்கக் கூடாது என்றும் முடிவு செய்தோம்.

படுக்கும் நிலையைப் பற்றிப் பேசுவதற்கு அதிக நேரம் எடுத்தது. தாயின் அச்சம் பொருளற்றது அல்ல. அவர் கண்ணெதிரே குழந்தை திணறியிருக்கிறாள். எனவே விளக்கத்தை அங்கிருந்தே தொடங்கினேன். குழந்தை பாலை எதுக்களித்தபோது இருமியதும் முகம் சிவந்ததும் பால் மூச்சுக்குழாய்க்குள் போனதன் அடையாளம் அல்ல, போகவிடாமல் உடல் தடுத்ததன் அடையாளம். பிறகு ஒரு தாளில் இரண்டு குழாய்களை வரைந்து காட்டினேன். மல்லாக்கப் படுத்திருக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் அதற்குக் கீழேயும் இருக்கும். வயிற்றிலிருந்து திரும்பி வரும் பால் மூச்சுக்குழாய்க்குள் நுழைய வேண்டுமானால் புவியீர்ப்புக்கு எதிராக மேலே ஏற வேண்டும். குப்புறப் படுத்தால் இந்த அமைப்பு தலைகீழாகிறது. வெளிவரும் பால் மூச்சுக்குழாயின் வாயிலில் தேங்குவது எளிதாகிறது. குழந்தைகள் பெருமளவில் மல்லாக்கத் தூங்கத் தொடங்கிய நாடுகளில் பால் புரையேறி இறந்த குழந்தைகளின் எண்ணிக்கை கூடவில்லை. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்த தாய், குப்புறப் படுத்தால் பால் வெளியே வழிந்துவிடும் என்றல்லவா நினைத்தோம் என்றார்.

குப்புறப் படுப்பதன் ஆபத்தையும் சொன்னேன். முகம் மெத்தையில் அழுந்தும்போது குழந்தை தான் வெளிவிட்ட கரியமில வாயுவையே மீண்டும் சுவாசிக்க நேரலாம்; உடல் வெப்பம் எளிதில் வெளியேறுவதில்லை; எல்லாவற்றுக்கும் மேலாக, தூக்கம் ஆழமாகி, தேவைப்படும்போது விழித்துக்கொள்ளும் திறன் மங்குகிறது. குப்புறப் படுத்தால் குழந்தை நன்றாகத் தூங்குகிறாள் என்று குடும்பம் கண்டது உண்மைதான். அந்த ஆழ்ந்த தூக்கமே இந்த வயதில் பாதுகாப்பற்றது. ஒருக்களித்துப் படுக்க வைத்தால் என்ன என்று தந்தை கேட்டார். அது நிலையற்ற நிலை என்பதால், அங்கிருந்து குழந்தை குப்புறச் சரிவது எளிது.

பாட்டியிடம் பேசியதைத் தனியே குறிப்பிட வேண்டும். அவர் தன் பிள்ளைகள் மூவரையும் குப்புறவே படுக்க வைத்து வளர்த்தவர். அப்படிச் செய்யச் சொன்னது ஒரு மருத்துவர். அது உண்மையாகவே இருக்கும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து 1980கள்வரை பல நாடுகளில் மருத்துவர்களே அந்த அறிவுரையைக் கொடுத்தார்கள். 1970 வாக்கிலேயே குப்புறப் படுப்பதன் ஆபத்தைக் காட்டும் சான்றுகள் இருந்தன என்பதை 2005இல் வெளியான ஒரு மீளாய்வு நிறுவியது. அவற்றை அன்றே தொகுத்துப் பார்த்திருந்தால் பல்லாயிரம் குழந்தைகளைக் காப்பாற்றியிருக்கலாம் என்றும் அது மதிப்பிட்டது. நெதர்லாந்து 1987இல் தன் அறிவுரையை மாற்றிக்கொண்டது. பிரிட்டனில் 1991இல் பெரும் பரப்புரை தொடங்கியது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 1992இல் அறிவுரையை மாற்ற, 1994இல் அங்கும் நாடு தழுவிய பரப்புரை தொடங்கி, பத்தாண்டுகளுக்குள் திடீர் சிசு மரணங்கள் பாதிக்கும் கீழே இறங்கின. நான் பாட்டியிடம் “நீங்கள் செய்தது தவறு” என்று சொல்லவில்லை. “அம்மா, அன்றைக்கு உங்களுக்குச் சொன்னவர்களே பிறகு கணக்கெடுத்துப் பார்த்து மாற்றிக்கொண்டார்கள்” என்று சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, யாரும் தனக்கு அதைச் சொல்லவில்லையே என்றார். அவருடைய அறிவு எங்கோ கேட்ட மூடநம்பிக்கை என்று ஒதுக்கியிருந்தால், நான் கிளம்பிய அடுத்த நிமிடமே குழந்தை மீண்டும் குப்புறத் திரும்பியிருப்பாள் என்றே நினைக்கிறேன்.

தொட்டிலை அன்றே காலி செய்தோம். தடுப்புத் திண்டுகள், சரிவுத் தலையணை, துணி வளையம், பொம்மை எல்லாம் வெளியேறின. அமுங்காத, சமதளமான மெத்தையும் இறுக்கமாகப் பொருந்தும் விரிப்பும் மட்டும் மிஞ்சின. எதுக்களிப்புக்குச் சரிவுத் தலையணை உதவும் என்று அவர்கள் நம்பியிருந்தார்கள். அது எதுக்களிப்பைக் குறைப்பதில்லை, மாறாகக் குழந்தை கீழே சரிந்து தாடை மார்பில் முட்டி மூச்சுப்பாதை மடங்கும் வாய்ப்பை உண்டாக்குகிறது. பால் கொடுத்த பிறகு சிறிது நேரம் நிமிர்த்தித் தோளில் வைத்திருந்துவிட்டுப் படுக்க வைப்பதே போதுமானது. தொட்டிலைப் பெற்றோரின் கட்டிலை ஒட்டி இழுத்துப் போட்டோம். குறைந்தது முதல் ஆறு மாதங்கள் ஒரே அறையில், ஆனால் தனிப் படுக்கையில் என்பதே இலக்கு.

தொப்பியைத் தாயே கழற்றிவிட்டார். குழந்தைகள் அதிகப்படி வெப்பத்தைப் பெருமளவு தலை வழியாகவே வெளியேற்றுகிறார்கள் என்பதையும், கைகால் குளிர்ந்திருப்பதை வைத்து முடிவு செய்யாமல் மார்பையோ பின்கழுத்தையோ தொட்டுப் பார்க்க வேண்டும் என்பதையும் சொன்னதே போதுமானதாக இருந்தது.

பாதத்தில் இருந்த கருவியை அகற்றச் சொல்லவில்லை. இது யோசித்து எடுத்த முடிவு. வீட்டு உபயோகத்துக்காக விற்கப்படும் இத்தகைய கருவிகள் திடீர் மரணத்தைக் குறைக்கின்றன என்பதற்குச் சான்று இல்லை. ஆனால் எட்டு வாரங்கள் எண்களைப் பார்த்தே உயிரைப் பிடித்துக்கொண்டிருந்த தாயிடமிருந்து அதை முதல் நாளே பறித்தால், மற்ற மாற்றங்களையும் அவர் மறுத்துவிடக்கூடும். கருவி இருக்கிறது என்பதற்காக எந்த ஒரு விதியையும் தளர்த்தக் கூடாது என்ற ஒரே நிபந்தனையை மட்டும் வைத்தேன்.

ஐந்தாம் இரவில் ஏற்பட்ட பின்னடைவு

முதல் சில இரவுகள் கடினமாகவே இருந்தன. மல்லாக்கப் படுக்க வைத்த சிறிது நேரத்தில் கைகளை உதறி அவள் விழித்துக்கொண்டாள். ஐந்தாம் இரவு, யாருக்குமே இரண்டு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் கிடைக்காத நிலையில், தந்தை அருகில் அமர்ந்து பார்த்துக்கொள்வதாகச் சொல்லி அவளை மீண்டும் குப்புறப் படுக்க வைத்தார். மறுநாள் காலை தாய் தொலைபேசியில் அழைத்து, தயக்கத்தோடு அதைச் சொன்னார்.

அவர் அழைத்தது நல்லதாயிற்று. ஏனெனில் பெற்றோர் பலர் அறியாத ஒரு செய்தி இங்கே முக்கியமாகிறது. வழக்கமாக மல்லாக்கத் தூங்கிப் பழகும் குழந்தையை இடையிடையே குப்புறப் படுக்க வைப்பது, எப்போதும் குப்புறத் தூங்குவதைவிடவும் ஆபத்தானது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஒரு நாள் மட்டும் என்பது சிறிய விதிவிலக்கு ஆகாது. பகல்நேரக் குழந்தைக் காப்பகங்களிலும் உறவினர் வீடுகளிலும் நேரும் மரணங்களில் இந்தக் கூறு அடிக்கடி பேசப்படுவதும் இதனாலேயே.

அதே பகலில் சென்று பார்த்து, அவளை அமைதிப்படுத்தும் வழிகளில் கவனம் செலுத்தினோம். மெல்லிய துணியால் கைகளைச் சுற்றிக் கட்டலாம் என்று முடிவு செய்தோம். அதற்கு விதித்த வரம்புகள் தெளிவானவை: மல்லாக்கப் படுக்கும்போது மட்டும், மார்புக்கும் துணிக்கும் இடையே இரண்டு விரல் நுழையும் அளவு தளர்வு, இடுப்பும் தொடைகளும் தாராளமாக அசைய வேண்டும், எடை சேர்த்துத் தைத்த துணிகள் கூடாது, புரள முயலும் முதல் அறிகுறி தெரிந்தவுடன் நிறுத்திவிட வேண்டும். சுற்றிக் கட்டுவது திடீர் மரணத்தைக் குறைப்பதில்லை. அதை இங்கே சேர்த்ததற்குக் காரணம், அது குழந்தையை மல்லாக்கவே வைத்திருக்கப் பெற்றோருக்கு உதவும் என்பது மட்டுமே. படுக்க வைக்கும்போது முதலில் பாதம், பிறகு இடுப்பு, கடைசியாகத் தலை மெத்தையில் படுமாறு இறக்கி, மார்பின் மேல் கையைச் சற்று நேரம் வைத்திருப்பதையும் செய்து காட்டினேன். மருத்துவமனையிலேயே பழகியிருந்த சூப்பானைத் தூங்கும் வேளைகளில் கொடுக்கச் சொன்னேன். தூங்கும்போது சூப்பான் கொடுப்பது ஆபத்தைக் குறைப்பதாகவே ஆய்வுகள் காட்டுகின்றன. அதைக் கயிற்றில் கோத்துக் கழுத்திலோ உடையிலோ கட்டுவது மட்டும் கூடாது.

மூன்று நான்கு நாட்களில் தூக்கம் ஓரளவு சீரானது. இந்தக் குழந்தைக்கு உதவியது எது என்று திட்டவட்டமாகச் சொல்ல முடியாது. வயது கூடக் கூட உதறல் தானாகவும் குறையும்.

தொடர்ந்த மாதங்கள்

அதன் பிறகு படுக்கும் நிலை குறித்துப் பெரிய சிக்கல் எழவில்லை. ஒருமுறை பரிசோதனைக்கு வந்துவிட்டு வீடு திரும்பியபோது, காரின் குழந்தை இருக்கையில் தூங்கிவிட்டவளை எழுப்ப மனமின்றி, அந்த இருக்கையோடு தூக்கி வந்து கூடத்தில் வைத்திருந்தார்கள். பயணத்தின்போது அந்த இருக்கை இன்றியமையாதது. பயணம் முடிந்த பிறகு, தலை முன்னே சாய்ந்து மூச்சுப்பாதை மடங்கக்கூடும் என்பதால், குறைமாதக் குழந்தையை அதிலேயே தூங்க விடக் கூடாது என்று விளக்கினேன். அது மீண்டும் நடக்கவில்லை.

விழித்திருக்கும் வேளைகளில், ஒருவர் கண்முன்னே, அவளைக் குப்புறப் போட்டு விளையாட விடுவதை வீடு திரும்பிய வாரத்திலேயே தொடங்கியிருந்தோம். முதலில் ஒருவேளைக்கு இரண்டு மூன்று நிமிடங்கள்தான் பொறுத்துக்கொண்டாள். படிப்படியாக நாளொன்றுக்கு அரை மணி நேரத்தை எட்டினாள். இருந்தும், திருத்திய வயது (பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து கணக்கிடப்படும் வயது) இரண்டு மாதங்கள் ஆனபோது, தலையின் வலப் பின்பக்கம் சற்றுத் தட்டையாகியிருந்தது. பாட்டிக்கு இது பெரிய கவலையாயிற்று. தொட்டிலில் தலைமாட்டையும் கால்மாட்டையும் நாள்விட்டு நாள் மாற்றிப் படுக்க வைத்து, அவள் இடப்பக்கம் திரும்பிப் பார்க்கத் தூண்டியதில் அடுத்த சில மாதங்களில் அது பெரும்பாலும் சரியாகிவிட்டது.

திருத்திய வயது மூன்று மாதங்களைக் கடந்த நிலையில் ஒருக்களிக்க முயன்றாள். அன்றே சுற்றிக் கட்டுவதை நிறுத்தினோம். ஆறாம் மாதத்தில் இருபுறமும் தானாகப் புரளத் தொடங்கியபோது, தூக்கத்தில் புரண்டுவிட்டால் திருப்பிப் போட வேண்டுமா என்று தாய் இரவெல்லாம் விழித்திருக்கத் தொடங்கினார். படுக்க வைப்பது எப்போதும் மல்லாக்க. தானாகப் புரண்டு இருபுறமும் திரும்பத் தெரிந்த பிறகு அவள் தேர்ந்துகொள்ளும் நிலையில் விட்டுவிடலாம், தொட்டில் காலியாக இருந்தால் போதும் என்று சொன்னபோது அவர் அடைந்த நிம்மதி பெரிது. பாதக் கருவியை அதற்கு முன்பே அவரே அலமாரியில் வைத்துவிட்டிருந்தார். அதன் பொய் ஒலிகள் அவரைப் பலமுறை எழுப்பியிருந்தன.

தந்தையின் புகைப் பழக்கம் முழுமையாக நிற்கவில்லை. அதற்கான ஆலோசனைக்கு அனுப்பப்பட்டார்; எண்ணிக்கை குறைந்தது. புகைத்த பிறகு உடை மாற்றிக் கை கழுவியே குழந்தையைத் தூக்குவதும், அவளுடன் ஒரே படுக்கையில் படுக்காமல் இருப்பதும் கடைசிவரை கடைப்பிடிக்கப்பட்டன.

குழந்தைக்கு ஒரு வயது நிறைவடைந்தபோது எடையும் வளர்ச்சியும் திருத்திய வயதுக்கு ஏற்றவாறே இருந்தன. நாங்கள் எடுத்த முடிவுகள்தான் அவளைக் காப்பாற்றின என்று இதிலிருந்து கூற முடியாது. குப்புறத் தூங்கும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் உயிருடனேயே வளர்கிறார்கள். பாட்டியின் மூன்று பிள்ளைகளும் அப்படித்தான் வளர்ந்தார்கள். ஒரு வீட்டை மட்டும் பார்த்து இந்த ஆபத்தை அறிய முடியாததாலேயே அது இத்தனை ஆண்டுகள் கண்ணில் படாமல் இருந்தது.

மாற்றப்பட்டவையும் இன்னும் மாற வேண்டியவையும்

இந்த நிகழ்வைத் தீவிர சிகிச்சைப் பிரிவின் மாதாந்தர ஆய்வுக் கூட்டத்தில் முன்வைத்தேன். பேச்சு முதலில் அறிவுரைத் தாளை மேம்படுத்துவது பற்றியே சென்றது: எழுத்தைப் பெரிதாக்கலாம், படம் சேர்க்கலாம் என்றார்கள். தாயின் கேள்வியை அவருடைய சொற்களிலேயே படித்துக் காட்டிய பிறகுதான், தாள் தவறாக எதையும் சொல்லவில்லை, நடைமுறைதான் அதற்கு எதிராகப் பேசிக்கொண்டிருந்தது என்பதை அனைவரும் ஏற்றுக்கொண்டனர்.

அதையடுத்துச் சில நடைமுறைகள் மாறின. 32 வாரங்களைக் கடந்த ஒவ்வொரு குழந்தைக்கும், மல்லாக்கப் படுக்க வைக்க உடல்நிலை இடம் தருகிறதா என்பது மருத்துவர்களின் காலைச் சுற்றில் நாள்தோறும் கேட்கப்பட்டுப் பதிவாகிறது. இடம் தருகிறது என்று பதிவான குழந்தையின் தொட்டிலில் ஓர் அட்டை தொங்கும். இரவுப் பணியில் இருப்பவர் தன் விருப்பப்படி நிலையை மாற்ற முடியாது, மாற்ற வேண்டுமானால் காரணத்தை எழுத வேண்டும். துணி வளையமும் தொப்பியும் அந்த நாளிலிருந்து படிப்படியாக விலக்கப்படுகின்றன. வீட்டுக்குச் செல்வதற்கு முந்தைய நாட்களில், குழந்தையைப் படுக்க வைக்கும் வேலையைப் பெற்றோரே செய்கிறார்கள். எதுக்களித்து இருமினால் என்ன செய்வது என்பதை, செவிலியர் அருகில் இருக்கும்போதே ஒருமுறையாவது நேரில் கண்டுவிட வேண்டும் என்பது அதன் நோக்கம்.

என் பார்வையில் இவற்றைவிட முக்கியமான மாற்றம், பெற்றோர் முதன்முதலில் பிரிவுக்குள் வரும் நாளில் சொல்லப்படும் ஒரு விளக்கம். குழந்தை குப்புறப் படுத்திருப்பதைப் பார்க்கும் பெற்றோரிடம், இது மூச்சுக்கு உதவும் சிகிச்சை, மூக்கில் உள்ள குழாயைப் போலவே இதுவும் வீட்டுக்குப் போகும் முன் நிறுத்தப்பட்டுவிடும் என்று அன்றே சொல்லப்படுகிறது. சிகிச்சை என்று பெயரிட்டுச் சொன்னால் யாரும் அதை வீட்டில் தொடர முயல்வதில்லை.

வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போகும் மற்றவர்களை, குறிப்பாகப் பாட்டி தாத்தாக்களை, இந்தப் பயிற்சிக்குள் கொண்டுவருவது இன்னும் முறையாக நடக்கவில்லை. பார்வையாளர் எண்ணிக்கைக்கு உள்ள கட்டுப்பாடு அதற்குத் தடையாக இருக்கிறது. தொற்றுத் தடுப்புக்காக அந்தக் கட்டுப்பாடு தேவை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆயினும் வீட்டுக்கு அனுப்பும் நாளுக்கு முன்பாக, பிரிவுக்கு வெளியே ஓர் அறையில் அவர்களை அழைத்துப் பேச முடியும். இரவு முறையை எப்படிப் பகிர்ந்துகொள்ளப் போகிறார்கள், அதிகாலை மூன்று மணிக்குக் குழந்தையை யார், எந்த இடத்தில் வைத்திருப்பார்கள் என்ற கேள்வியையும் அதே அமர்வில் கேட்டு, விடையைக் கோப்பில் எழுத வேண்டும் என்று பரிந்துரைத்திருக்கிறேன். முதல் பரிந்துரைக்கு இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. இரண்டாவது இப்போது வீட்டுச் சந்திப்புப் படிவத்தில் மட்டும் சேர்க்கப்பட்டுள்ளது.